ஹோமியோ பாட்டிலில் எண்ணுக்கு முன் எழுத்தைப் பாருங்கள்

"30 நல்லா கேக்குமா, 200 நல்லா கேக்குமா?"

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் நான் வேலை பார்க்கும் ஹோமியோ மருந்துக்கடையில் அதிகம் காதில் விழும் கேள்வி இதுதான். கேட்கிறவர் மனசில் ஓடுவது பாரசிட்டமால் கணக்கு. 500-ஐ விட 650 அதிகம் என்றால் 30-ஐ விட 200-ம் அதிகமாகத்தானே இருக்க வேண்டும்? ஹோமியோவில் அந்தக் கணக்கு தலைகீழ். எண் ஏற ஏற உள்ளே இருக்கும் சரக்கு குறையும்.

நான் டாக்டர் இல்லை. படித்தது பி.எஸ்சி. வேதியியல், பிழைப்பு இந்தக் கல்லாவில். அதனால் எந்த நோய்க்கு எந்த மருந்து என்ற பேச்சுக்குள் போகவில்லை. லேபிளை எப்படிப் படிப்பது, உள்ளே எவ்வளவு இருக்கிறது, டாக்டர் எழுதிய அளவுக்கு என்ன அர்த்தம், இவ்வளவுதான்.

எண்ணுக்குப் பக்கத்தில் ஆங்கில எழுத்து ஒன்று இருக்கும். முதலில் அதைப் பாருங்கள். எக்ஸ் என்றால் ஒவ்வொரு படியிலும் ஒன்றுக்குப் பத்து என்று கரைத்தது. சி என்றால் ஒன்றுக்கு நூறு. எழுத்தே இல்லாமல் வெறும் 30, 200 என்று போட்டிருந்தால் நம் ஊரில் அது சி கணக்குதான். எம் என்பது ஆயிரம். 1எம் என்றால் ஒன்றுக்கு நூறு என்று ஆயிரம் தடவை கரைத்தது, 10எம் என்றால் பத்தாயிரம் தடவை. எல்எம் என்று இன்னொன்று உண்டு, 0/1, 0/2 என்றும் எழுதுவார்கள். படிக்கு ஒன்றுக்கு ஐம்பதாயிரம், பெரும்பாலும் தண்ணீரில் கலக்கி ஸ்பூன் கணக்கில் சாப்பிடச் சொல்வார்கள். கடைசியாக கியூ. இது மதர் டிங்சர், தமிழில் தாய்த் திரவம். மூலிகையை ஆல்கஹாலில் ஊறவைத்து எடுத்த சாறு, மேற்கொண்டு கரைக்காதது. இந்த கியூவை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

உப்பை வைத்துக் கணக்குப் போட்டால் விஷயம் சட்டென்று பிடிபடும். நேட்ரம் மூர் என்று கேட்டு வாங்குகிறோமே, அது நம் சாப்பாட்டு உப்புதான், சோடியம் குளோரைடு. மரக்காணம் உப்பளத்தில் குவிந்து கிடப்பதும் அதேதான். முதுநகரிலிருந்து வரும் ஒரு பெரியவர் ஒருநாள் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யம்மா, இது உப்புன்னு சொல்றாங்க. எனக்கு பிரஷர் இருக்கே, ஆவுமா?" என்றார். நியாயமான சந்தேகம். அவர் கையில் இருந்தது 6எக்ஸ் மாத்திரை.

ஒரு கிராம் உப்பை ஒன்பது கிராம் பால் சர்க்கரையோடு கல்வத்தில் போட்டு அரைத்தால் 1எக்ஸ். அதில் ஒரு கிராம் எடுத்து மறுபடி ஒன்பது கிராம் சர்க்கரையோடு அரைத்தால் 2எக்ஸ். இப்படியே போனால் 3எக்ஸில் ஒரு கிராம் தூளுக்கு ஒரு மில்லிகிராம் உப்பு. 6எக்ஸில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பெரியவர் உடம்பில் ஒரு கிராம் உப்பு ஏற வேண்டுமானால் ஆயிரம் கிலோ மாத்திரை சாப்பிட வேண்டும். பில் பேப்பரின் பின்பக்கம் எழுதிக் காட்டினேன். "அப்போ கருவாடுதான் எனக்கு எமன்" என்று சிரித்துக்கொண்டே போனார்.

மேலே இன்னும் ஏறிப் பார்ப்போம். ஒரு கிராம் உப்பில் சோடியம்-குளோரைடு ஜோடிகள் சுமார் 1-க்குப் பின்னால் 22 பூஜ்யம் போட்ட அளவு இருக்கும். ஒவ்வொரு சி படியும் இரண்டு பூஜ்யத்தைத் தின்றுவிடும். 11சி வந்ததும் ஒரு கிராம் மருந்தில் மிஞ்சுவது சராசரியாக ஒரே ஒரு ஜோடி. 12சி தாண்டினால் அதுவும் இருக்க வாய்ப்பு குறைவு. 30சியில் ஒரே ஒரு ஜோடி உப்பாவது கிடைக்க வேண்டுமென்றால் ஐம்பதாயிரம் சூரியன்களின் எடைக்கு மருந்து வேண்டும். மிகைப்படுத்தவில்லை, காகிதத்தில் நீங்களே பெருக்கிப் பாருங்கள். 200-ம் 1எம்மும் அதற்கும் மேலே.

அப்படியானால் 200 எப்படி 30-ஐ விட "வீரியம் கூடியது"? ஹோமியோபதியை உருவாக்கிய ஜெர்மன் மருத்துவர் சாமுவேல் ஹானிமன் (1755–1843), கரைப்பதோடு ஒவ்வொரு படியிலும் ஓங்கிக் குலுக்கவும் வேண்டும், அப்போதுதான் மருந்தின் சக்தி வெளிப்படும் என்றார். அந்தத் துறை டாக்டர்கள் இன்றைக்கும் இதைத்தான் சொல்கிறார்கள். நான் படித்த வேதியியல் இதற்கு இடம் கொடுக்கவில்லை. ஆய்வு முடிவுகளும் சாதகமாக இல்லை. ஆஸ்திரேலிய அரசின் தேசிய சுகாதார மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆய்வுகளை அலசி, ஹோமியோபதி பலன் தருகிறது என்று நம்பத்தக்க ஆதாரம் எந்த நோய்க்கும் இல்லை என்று 2015-ல் சொன்னது. இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவை 2017-ல், டாக்டர்கள் இனி இதை எழுதித் தர வேண்டாம் என்று அறிவுறுத்தியது. இதைக் கல்லாவில் நின்றுகொண்டு சொல்வது முதலாளிக்குப் பிடிக்காதுதான். கேட்கிறவர்களிடம் மறைப்பதும் எனக்குப் பிடிக்காது. நம் நாட்டில் இது சட்டப்படி அங்கீகரித்த மருத்துவம், பிஎச்எம்எஸ் என்ற ஹோமியோ பட்டம் படித்த டாக்டர்கள் இருக்கிறார்கள், மக்கள் வாங்குகிறார்கள். வாங்குகிறவர் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கட்டும்.

200, 1எம் என்றால் பயந்து பின்வாங்குகிறவர்கள் நிறைய. நான் பயப்படுவது அதற்கு நேர் எதிர்ப் பக்கம். சின்ன எண்ணில்தான் சரக்கு இருக்கிறது. நக்ஸ் வாமிகா நம் எட்டி. அதன் விதையில் உள்ள ஸ்ட்ரிக்னைன் வலிப்பை உண்டாக்கும் விஷம். 30சியில் அது இல்லை, தாய்த் திரவத்தில் இருக்கிறது. அனகார்டியம் ஓரியண்டேல் என்பது சேங்கொட்டை, நம் முந்திரிக்குப் பங்காளி. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கிறவர்களிடம் கேளுங்கள், தோட்டெண்ணெய் பட்டால் தோல் எப்படி வெந்துபோகும் என்று சொல்வார்கள். சேங்கொட்டைப் பாலும் அதே ரகம், துணியில் குறி போடப் பயன்பட்டது. ஆர்சனிகம் ஆல்பம் வெள்ளைப் பாஷாணமேதான். அதன் 3எக்ஸ் தூள் ஒரு கிராமில் முக்கால் மில்லிகிராம் ஆர்சனிக் இருக்கும். குடிதண்ணீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்சனிக் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அந்த எல்லையில் இருக்கும் தண்ணீரை 75 லிட்டர் குடித்தால் எவ்வளவு சேருமோ, அது ஒரு கிராம் தூளில். அமெரிக்காவில் குழந்தைகளுக்குப் பல் முளைக்கும்போது கொடுக்கும் ஹோமியோ மாத்திரைகளைச் சோதித்ததில், சிலவற்றில் பெல்லடோனா என்ற விஷச் செடியின் சரக்கு லேபிளில் சொன்னதை விட அதிகமாக இருந்ததென்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017-ல் எச்சரித்தது.

அதனால் கியூ, 1எக்ஸ், 2எக்ஸ், 3எக்ஸ் இவற்றைப் பக்கத்து வீட்டுக்காரர் பேச்சைக் கேட்டு வாங்க வேண்டாம். டாக்டர் சீட்டு இருந்தால் மட்டும் வாங்குங்கள். 6எக்ஸ் என்று எழுதியிருக்கும் இடத்தில் 6 என்று மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். 6எக்ஸுக்கும் 6சிக்கும் பத்து லட்சம் மடங்கு வித்தியாசம்.

சரி, அளவுக்கு வருவோம். வெள்ளை உருண்டை வெறும் கரும்புச் சர்க்கரை. டிராம் என்ற சின்னப் பாட்டிலில் உருண்டையை நிரப்பி, மேலே சில சொட்டு மருந்துத் திரவம் விட்டு, மூடிக் குலுக்கித் தருவோம். ஆல்கஹால் ஆவியாகிவிடும், உருண்டை மேல் பூசினதுதான் மருந்து என்பது கணக்கு. அதனால் நாலா ஆறா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். எண்ணிக்கையை விட எத்தனை வேளை என்பதைத்தான் டாக்டர்கள் பெரிதாக நினைப்பார்கள். வழக்கமாக 30 என்றால் நாலு உருண்டை, நாளைக்கு இரண்டு மூன்று வேளை. 200 என்றால் ஒரு வேளை, அல்லது சில நாளுக்கு ஒருமுறை. 1எம் என்றால் ஒரு வேளை கொடுத்துவிட்டுக் காத்திருக்கச் சொல்வார்கள். குணம் தெரிந்தால் நிறுத்து என்பது அவர்கள் பொது விதி. "பாட்டில் தீரணுமே" என்று தொடர்ந்து சாப்பிடுகிறவர்கள் அந்த விதியைக் கூடப் பின்பற்றுவதில்லை. பயோகெமிக் மாத்திரை, அதாவது பெரியவர் வாங்கியது மாதிரி உப்பு வகை மாத்திரை, பால் சர்க்கரையில் செய்தது, பெரும்பாலும் 3எக்ஸ், 6எக்ஸ், 12எக்ஸ். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கையால் தொடாதே, காபி குடிக்காதே, கற்பூரம் பக்கத்தில் வைக்காதே என்று பத்தியம் நீளும். மூடியில் எடுத்து வாயில் போடுவது சுத்தமான பழக்கம், அவ்வளவுக்கு நல்லது. மீதியை டாக்டர் இஷ்டத்துக்கு விட்டுவிடுகிறேன்.

சர்க்கரை நோயாளிகள் நாலு உருண்டைக்குப் பயப்படத் தேவையில்லை, டீயில் போடும் ஒரு ஸ்பூனை விட ரொம்பக் குறைவு. அவர்கள் செய்யும் ஆபத்தான காரியம் வேறு. உருண்டை ஆரம்பித்ததும் ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்திவிடுவது. சுகர், பிரஷர், தைராய்டு, வலிப்பு மாத்திரை, ஆஸ்துமா பம்ப், எதையும் எழுதிக்கொடுத்த டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

தாய்த் திரவம் சொட்டுக் கணக்கு, அரை டம்ளர் தண்ணீரில். அதில் ஆல்கஹால் நிறைய. 12 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் 30 மில்லிக்குப் பெரிய பாட்டிலில் சில்லறையாக விற்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. "பெரிய பாட்டிலா கொடுங்க, அடிக்கடி வர முடியல" என்று புதுச்சேரியிலிருந்து வருகிறவர்கள் கோபித்துக்கொள்வார்கள், என்னால் ஒன்றும் செய்ய முடியாது. இதை விட முக்கியம், குடியை நிறுத்த டைசல்ஃபிரம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள். சில சொட்டு டிங்சர் கூட அவர்களுக்கு முகம் சிவந்து, படபடப்பு வந்து, வாந்தியில் கொண்டுபோய் விடலாம். இந்தப் பக்கம் அப்படிப்பட்டவர்கள் கொஞ்ச பேர் இல்லை. வீட்டில் யாராவது சாப்பிட்டால் கடையில் சொல்லிவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெறும் பாட்டிலில் "காலை 4, இரவு 4" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். மருந்தின் பெயர், எண், எழுத்து மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். சில இடங்களில் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். நாளைக்கு வேறு டாக்டரிடம் போனால் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பார், "வெள்ளை உருண்டை" என்றா சொல்வது? சீல் பாட்டிலாக வாங்கினால் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் பாருங்கள்.

ஐப்பசி கார்த்திகை மழையில் காய்ச்சல் வந்தால் என்னிடம் வர வேண்டாம். இரண்டு நாளைக்கு மேல் காய்ச்சல், வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், இதெல்லாம் டெங்குவாக இருக்கலாம். எந்த எண்ணும் அதற்குக் கிடையாது. மஞ்சக்குப்பம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் பாருங்கள். பாம்புக் கடி, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், கைக்குழந்தைக்குக் காய்ச்சல் எல்லாவற்றுக்கும் இதுதான்.

அப்புறம், மாதத்தில் ஒரு போனாவது இப்படி வரும்: "புள்ள பாட்டில் பூரா முழுங்கிடுச்சு!" பதறாமல் லேபிளைப் படியுங்கள். பூசின உருண்டையாக இருந்து 30, 200 என்று எழுதியிருந்தால் போனது சர்க்கரை. உருண்டை தொண்டையில் சிக்காமல் பிள்ளை சாதாரணமாக மூச்சு விடுகிறதா என்று மட்டும் பாருங்கள். திரவமாக இருந்தால் எந்த எண்ணானாலும் ஆல்கஹால், சின்னப் பிள்ளைக்கு ஆகாது. கியூ என்றாலோ, எக்ஸுக்கு முன்னால் சின்ன எண் இருந்தாலோ, லேபிளே இல்லை என்றாலோ யோசிக்க வேண்டாம். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காமல், பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.