விண்டோஸில் வேகம், லினக்ஸில் மந்தம்: நெட்வொர்க் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஒரே ரவுட்டர், ஒரே ஃபைல். ஒரு கணினியில் சட்டென்று இறங்குகிறது, இன்னொன்றில் நகரவே மாட்டேன் என்கிறது. ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் திட்டுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். ஃபைல் நகலாகும்போது டிஸ்க், ஆன்டிவைரஸ், நெட்வொர்க் எல்லாமே சேர்ந்து உழைக்கின்றன. நெட்வொர்க்கை மட்டும் தனியாகப் பிரித்து அளந்தால்தான் குற்றவாளி யாரென்று தெரியும்.

படி 1: இணைப்பு வேகம்

வைஃபையை அணைத்துவிட்டு கேபிளில் சோதியுங்கள். லினக்ஸில் 'ஈத்டூல்' கட்டளையும், விண்டோஸில் நெட்வொர்க் செட்டிங்ஸும் இணைப்பு வேகத்தைக் காட்டும். 1000 (நொடிக்கு 1000 மெகாபிட், அதாவது ஒரு ஜிகாபிட்) வர வேண்டிய இடத்தில் 100 என்று வந்தால் நான் முதலில் கேபிளைத்தான் மாற்றுவேன். ஜிகாபிட்டுக்கு உள்ளே இருக்கும் 4 ஜோடிக் கம்பிகளும் தேவை. 100க்கு 2 ஜோடி போதும். அதனால் ஒரு கம்பி பழுதானாலும் இணைப்பு அறுந்துபோகாமல், சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடலாம்.

டூப்ளெக்ஸையும் பாருங்கள்: ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் முடிந்தால் ஃபுல், மாறி மாறித்தான் முடியும் என்றால் ஹாஃப். ஒரு முனையில் 100 ஃபுல் என்று யாராவது கையால் வைத்திருக்க, மறுமுனை ஆட்டோவில் இருந்தால், அது ஹாஃப் டூப்ளெக்ஸுக்குப் போய்விடும். பிங் (மறுமுனைக்குச் சின்னச் செய்தி அனுப்பி, பதில் வரும் நேரத்தை அளக்கும் கட்டளை) சுத்தமாக வரும், பெரிய ஃபைல் மட்டும் தவழும். இரண்டு முனையையும் ஆட்டோவில் விடுங்கள்.

படி 2: பிங்

விண்டோஸ் 4 முறை அனுப்பிவிட்டு நிற்கும். லினக்ஸிலும் மேக்கிலும் கன்ட்ரோல்+சி அழுத்தும்வரை ஓடும். பாக்கெட் இழப்பு (அனுப்பியதில் சிலவற்றுக்குப் பதில் வராமல் போவது) இருக்கிறதா, நேரம் தாறுமாறாக ஏறி இறங்குகிறதா என்று மட்டும் பாருங்கள்.

படி 3: ஐபெர்ஃப்3

இதுதான் முக்கியம். டிஸ்க்கைத் தொடாமல் நெட்வொர்க்கை மட்டும் அளக்கும் கருவி இது. ஒரு கணினியில் ஐபெர்ஃப்3 கட்டளையோடு மைனஸ் எஸ் சேர்த்து ஓட விடுங்கள். மற்றதில் மைனஸ் சி, பிறகு முதல் கணினியின் ஐபி முகவரி. அப்புறம் அதே கட்டளையில் மைனஸ் ஆர் (பெரிய எழுத்து) சேர்த்தால் எதிர்த்திசையிலும் அளக்கும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ஆனால் ஒரு திசையில் மட்டும் மந்தம் என்பது நல்ல துப்பு.

நல்ல ஜிகாபிட் கேபிளில் சுமார் 940 மெகாபிட் வரும். ஃபைல் நகல் திரை காட்டுவது பெரும்பாலும் பைட் கணக்கு, ஆகவே 8ஆல் வகுங்கள்: ஏறக்குறைய 117 மெகாபைட். இந்தக் கருவிக்கு விண்டோஸில் அதிகாரபூர்வ ஆதரவு கிடையாது என்பதால், அங்கே எண் சற்றுக் குறைந்தால் கவலை வேண்டாம்.

இரு திசையிலும் எண் நன்றாக இருந்தால் நெட்வொர்க் நிரபராதி. டிஸ்க், ஆன்டிவைரஸ், ஃபைல் பகிர்வு செட்டிங்ஸ் பக்கம் போங்கள்.

படி 4: தொலைதூர சர்வர் மட்டும் மந்தமா?

ஐபெர்ஃப்3 கட்டளையில் மைனஸ் பி 4 (இதுவும் பெரிய எழுத்து) சேர்த்து நான்கு இணைப்புகளாக ஓட்டுங்கள். மொத்த வேகம் எகிறினால் டிசிபி விண்டோ (மறுமுனையின் ஒப்புதலுக்குக் காத்திருக்காமல் அனுப்பக்கூடிய தரவின் அளவு) சிறியதாக இருக்கலாம். விண்டோ 64 கிலோபைட், பிங் 100 மில்லிசெகண்ட் என்றால், லைன் எவ்வளவு பெரியதானாலும் ஒரு இணைப்புக்குச் சுமார் 5 மெகாபிட்தான் கிடைக்கும். பெறும் பக்கம் விண்டோஸ் என்றால் 'நெட்எஸ்ஹெச் இன்டர்ஃபேஸ் டிசிபி ஷோ குளோபல்' கட்டளையைக் கொடுத்து, ஆட்டோ-டியூனிங் (அந்த விண்டோவைத் தானாகச் சரிசெய்யும் வசதி) வரியில் 'நார்மல்' என்று இருக்கிறதா பாருங்கள். 'டிஸேபிள்டு' என்றிருந்தால் நார்மலுக்கு மாற்றிவிட்டு, படி 3ஐ மறுபடி ஓட்டுங்கள்.