பறைக் குழுவ வெட்டவெளில ரெக்கார்ட் பண்றது எப்படி? முதல் தடவ பண்றவங்களுக்கு

ஊர் திருவிழால பறை அடிக்கிறத ஃபோன்ல எடுத்துட்டு வீட்டுக்கு வந்து கேட்டிருப்பீங்க. முதல் அடி மட்டும் டமார்னு விழும், அதுக்கப்புறம் மொத்த சத்தமும் யாரோ அண்டாவ கவுத்து மூடின மாதிரி அமுங்கிப் போய், நடுவுல ஒரு செகண்ட் கேப் விட்டா பின்னாடி பேசுறவங்க குரல் குபீர்னு மேல வரும். ஃபோன் தானாவே சத்தத்த ஏத்தி இறக்குறதால வர்ற வினை அது. பேச்சுக்குன்னு செஞ்ச வசதி, பறைக்கு எமன்.

நான் மதுரை, திண்டுக்கல் பக்கம் சில வருஷமா நாட்டுப்புறக் கலைஞர்கள ரெக்கார்ட் பண்றேன். ஸ்டுடியோக்கு கூட்டிட்டு வந்து பறை எடுக்கலாம்தான், ஆனா நாலு சுவத்துக்குள்ள அடிச்சா அவங்களுக்கே கை வராது, ஆடுறதுக்கும் இடம் இருக்காது. பறை வெளியில அடிக்கிறதுக்குன்னே இருக்கிற கருவி, அத அங்கேயே போய் எடுக்கிறதுதான் சரின்னு நினைக்கிறேன். இங்க நான் சொல்லப்போறது ஆறு பறை, ஒரு உறுமி இருக்கிற சின்னக் குழுவுக்கு.

கைல என்ன வேணும்

ஒரு கையடக்க ரெக்கார்டர், உயரமா ஏத்தக்கூடிய ஒரு ஸ்டாண்ட், காது முழுசா மூடுற ஹெட்ஃபோன், காத்துக்கு மைக்க மூட முடி வச்ச உறை (கடையில டெட்கேட்னு கேளுங்க, குடுப்பாங்க), ரெண்டு செட் பேட்டரி. ரெக்கார்டர் வாங்குறப்ப எத்தன டெசிபல் வரைக்கும் தாங்கும்னு பாருங்க. உதாரணத்துக்கு ஜூம் ஹெச்1என்ல 120 டெசிபல்னு போட்டிருக்கும், ஹெச்5 கூட வர்ற மைக்ல 140. பக்கத்துல வச்சு எடுக்கணும்னா இந்த வித்தியாசம் பெரிய வித்தியாசம். 32 பிட் ஃப்ளோட் (சத்தம் ரொம்ப ஏறினாலும் ஃபைல்ல வெடிக்காம பதியுற முறை) உள்ள மெஷின் இருந்தா லெவல், அதாவது சத்தத்த எவ்வளவு உள்ள வாங்கணும்ங்கிற அளவு, வைக்கிற கவலை பாதி குறையும், ஆனா மைக்கோட கேப்சூலே (சத்தத்த வாங்குற உள் பாகம்) தாங்காம நசுங்கிட்டா எந்த ஃப்ளோட்டும் காப்பாத்தாது, அத மட்டும் மனசுல வச்சுக்கோங்க.

செட்டிங்ஸ்: வேவ் ஃபைல், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். எம்பி3 வேண்டவே வேண்டாம். ஸ்டீரியோல ஒரு மணி நேரத்துக்கு சுமார் 1 ஜிபிதான் ஆகும், இன்னைக்கு இருக்கிற கார்டுக்கு அது ஒண்ணுமே இல்ல. ஆட்டோ லெவல்னு எது இருந்தாலும் ஆஃப் பண்ணுங்க.

முதல்ல ஆளுங்க, அப்புறம்தான் மைக்

மைக்க எடுத்து வெளிய வைக்கிறதுக்கு முன்னாடி குழுவோட ஆசான்கிட்ட உக்காந்து பேசுங்க. எதுக்கு எடுக்குறீங்க, எங்க போடப்போறீங்க, எவ்வளவு பணம் குடுப்பீங்க, எல்லாத்தயும் முன்னாடியே சொல்லிருங்க. பறைய ஒரு சாதியோட கட்டாய வேலையா, சாவு வீட்டு வேலையா மட்டுமே பாத்து ஒதுக்கி வச்ச ஊருங்க நிறைய. அதுல இருந்து கலைஞர்களே அத மீட்டு மேடைக்கு கொண்டுவந்தாங்க, 2025ல பறைக் கலைஞர் மதுரை வேலு ஆசானுக்கு பத்மஸ்ரீ அறிவிச்சப்ப எத்தனையோ பேருக்கு கண்ணு கலங்கிச்சு, எனக்கும்தான். இவ்வளவு தூரம் வந்த ஒண்ண பேர் போடாம "நாட்டுப்புற மேளம்"னு ஒரு தலைப்புல ஏத்திவிடறது பெரிய அநியாயம். அடிக்கிற ஒவ்வொருத்தர் பேரையும், எப்படி எழுதணும்னு அவங்க சொல்றாங்களோ அப்படியே ஒரு நோட்ல எழுதிக்கோங்க.

அதே பேச்சுல இன்னொன்னும் கேட்டுக்கோங்க: என்னென்ன அடி அடிக்கப்போறீங்க, எது எவ்வளவு நேரம் போகும், எதுல ஆட்டம் ஜாஸ்தி, எதுல வட்டமா சுத்துவீங்க. மைக் நிக்க வேண்டிய இடம் இந்தப் பதில்ல இருந்துதான் வரும்.

இடம் பாக்குறது

முந்தின நாளே அதே நேரத்துக்குப் போய் நில்லுங்க. கண்ண மூடி அஞ்சு நிமிஷம் கேளுங்க. தூரத்துல மோட்டார் ஓடுதா, பஸ் ரூட்டா, கோயில்ல கூம்பு ஸ்பீக்கர் கட்டிருக்காங்களா. ஸ்பீக்கர் இருந்தா மைக்செட்காரர்கிட்ட ஒரு மணி நேரம் நிறுத்தச் சொல்லிக் கேளுங்க, மரியாதையா கேட்டா பெரும்பாலும் நிறுத்துவாங்க.

அப்புறம் ஓங்கி ஒரு கை தட்டுங்க. 17 மீட்டர் தள்ளி ஒரு பெரிய சுவர் இருந்தா சத்தம் போய்ட்டு வர 34 மீட்டர், அதாவது ஒரு செகண்ட்ல பத்துல ஒரு பங்கு கழிச்சு அந்தத் தட்டு தனியா திரும்பி வரும். பறை வேகமா ஓடுறப்ப அந்த எதிரொலி அடுத்த அடிமேல ஏறி ஒக்காந்துக்கும், எடிட்டிங்ல அத எடுக்கவே முடியாது. சிமெண்டு களத்துல சத்தம் சுள்ளுனு இருக்கும், அறுத்த வயல்ல மெத்துனு இருக்கும். எனக்குப் பிடிச்ச இடம்னா பின்னாடி வைக்கப்போர் இருக்கிற மண் களம்தான், காத்தையும் மறைக்கும், சத்தத்தையும் திருப்பி அனுப்பாது.

மரத்தடின்னா வேம்பு, புளி பரவால்ல. அரசமரம் வேண்டாம், காத்தே இல்லன்னாலும் அந்த இலை சலசலத்துக்கிட்டே இருக்கும். ஆடி மாசத்துல எடுக்கிறதா இருந்தா விடியக்காலைல எடுங்க, பத்து மணிக்கு மேல காத்து கெளம்பிட்டா எந்த உறையும் முழுசா தாங்காது.

நெருப்பு, இதுதான் முக்கியம்

தோல் பறைய அடிக்கிறதுக்கு முன்னாடி வைக்கோலோ காஞ்ச ஓலையோ போட்டுக் கொளுத்தி அதுல காட்டுவாங்க. சூட்டுல தோல்ல இருக்கிற ஈரம் போய் இறுகும், சுதி மேல ஏறும். அடிக்க அடிக்க தோல் ஆறி, சுதி மெல்ல இறங்கும். சாயங்காலப் பனி இருந்தா இன்னும் சீக்கிரம் இறங்கும்.

இது தெரியாம ஒரு தடவ மார்கழி மாச சாயங்காலம் ஒரே மூச்சுல நாலு டேக் எடுத்தேன். நாலுலயும் நல்ல பகுதிய வெட்டி ஒட்டிக்கலாம்னு நினைப்பு. வீட்ல வந்து ஒட்டிப் பாத்தா முதல் டேக்ல "டங்"குனு இருந்த பறை நாலாவதுல "தொப்"புன்னு இருக்கு, ஒட்டின எடம் ஒவ்வொண்ணும் பளிச்சுனு தெரியுது. மூணாவது டேக் முடிஞ்சப்பவே அங்க இருந்த பெரியவர் ஒருத்தர் பறையோட தோல்ல பெருவிரல வச்சு ஒரு தேய் தேய்ச்சுப் பாத்துட்டு "தம்பி, தோலு எறங்கிருச்சுப்பா"ன்னு சொன்னார், நான்தான் "இன்னும் ஒண்ணே ஒண்ணுண்ணே"ன்னு அவசரப்பட்டேன்.

அதனால உங்க நேரத்த நெருப்பு தீர்மானிக்கட்டும். மைக், லெவல், கேபிள் எல்லாம் ரெடியான பின்னாடிதான் காய்ச்சச் சொல்லணும். காய்ச்சின உடனே ஒரு டேக், அது முடிஞ்சதும் திரும்பக் காய்ச்சணும், அடுத்த டேக். லெவல் பாக்குறதுக்கு சூடு ஏத்தாத பறையிலயே அடிக்கச் சொல்லுங்க, சூடான தோல வீணாக்காதீங்க. ஓலை தீந்துடும், கூட ரெண்டு கட்டு சேத்து வாங்கி வைக்கிறது உங்க பொறுப்பு. நெருப்புல இருந்து மைக் காத்து வர்ற பக்கமா தள்ளி இருக்கணும், பொகையும் சாம்பலும் மைக்ல படக்கூடாது. ஃபைபர் பறைன்னா இந்த வேலையெல்லாம் இல்ல, நேரா அடுத்ததுக்குப் போய்டலாம்.

மைக் எங்க நிக்கணும்

பறைக்கு ஒரு பக்கம்தான் தோல், பின்னாடி திறந்திருக்கும். தோல் முன்னாடி தள்ளுறப்ப பின்பக்கம் காத்து இழுபடும், அதனால முன்னாடியும் பின்னாடியும் சத்தம் கிளம்பும், ஆனா சட்டத்தோட விளிம்புப் பக்கம் ரெண்டும் ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கிட்டு மெலிஞ்சு போய்டும். நம்பலன்னா ஒருத்தர ஒரே அடிய அடிக்கச் சொல்லிட்டு அவரச் சுத்தி ஒரு வட்டம் நடந்து பாருங்க. விளிம்புக்கு நேரா வர்றப்ப அடியோட கனம் கழண்டு போகும், ரெண்டு எட்டு தள்ளி முன்னாடி வந்தா திரும்ப நெஞ்சுல வந்து மோதும். அதனால அரை வட்டமா நிக்கச் சொல்லி, தோல் எல்லாம் மைக்கப் பாக்குற மாதிரி வச்சுக்கோங்க.

தூரம்: புதுசா பண்றவங்க எல்லாரும் ரொம்பப் பக்கத்துல வைப்பாங்க, நானும் வச்சேன். தூரம் ரெண்டு மடங்கு ஆனா வெட்டவெளில சத்தம் 6 டெசிபல் குறையும். மைக் முன்னாடி நிக்கிறவர்ட்ட இருந்து 1 மீட்டர், கடைசி ஆள்ட்ட இருந்து 4 மீட்டர்னு இருந்தா ரெண்டு பேருக்கும் 12 டெசிபல் வித்தியாசம், கடைசி ஆள் இருக்காருன்னே தெரியாது. அதே மைக்க 3 மீட்டர் பின்னாடி கொண்டுவந்தா 4க்கும் 7க்கும் உள்ள வித்தியாசம், 5 டெசிபல் கூட இல்ல, எல்லாரும் கேக்குறாங்க. ஆடுறப்ப ஆள் முன்னாடி பின்னாடி போய் வருவாங்க இல்லையா, அதுக்கும் இந்தத் தூரம்தான் தாங்கும். நாலு மீட்டர்ல ஆரம்பிங்க. உயரம் ரெண்டரை மீட்டர், லேசா கீழ பாக்குற மாதிரி. உயரத்துல இருந்தா செம்மண் புழுதியும் மைக்குக்கு ஏறாது.

ரெக்கார்டர்ல இருக்கிற எக்ஸ்-ஒய் மைக்கே (ரெண்டு மைக் குறுக்கா வச்சது) போதும். தனி மைக் ரெண்டு இருந்தா 17 சென்டிமீட்டர் இடைவெளி, 110 டிகிரி கோணத்துல வச்சுப் பாருங்க, ஓஆர்டிஎஃப்னு சொல்வாங்க, இடது வலது இன்னும் அழகா விரியும். ஸ்டாண்ட் கால் மூணுக்கும் கீழ மடிச்ச சாக்கு போடுங்க, இல்லன்னா சலங்கை கட்டின கால் தரைய மிதிக்கிற அதிர்வு கம்பி வழியா ஏறி வந்துடும். ஒரு கால்மேல செங்கல் வைங்க, காத்துல சாய்ஞ்சா மைக் போச்சு.

உறுமிக்கு மட்டும் தனி மைக் ஒண்ணு வச்சா நல்லது. வளைஞ்ச குச்சியால தோல உரசுற அந்த முனகல் ஆறு பறைக்கு நடுவுல காணாமப் போய்டும். உரசுற பக்கத்துல ஒரு முப்பது சென்டிமீட்டர் தள்ளி சாதாரண டைனமிக் மைக் போதும், எஸ்எம்57 மாதிரி. இந்த மாதிரி தனி மைக்குக்கெல்லாம் எக்ஸ்எல்ஆர் (மூணு முள் உள்ள மைக் கேபிள்) குத்துற வசதி உள்ள ரெக்கார்டர் வேணும், ஹெச்1என்ல அது கிடையாது.

லெவல்

"சும்மா அடிங்கண்ணே"ன்னா சும்மாதான் அடிப்பாங்க. "உச்சத்துல எப்படி அடிப்பீங்களோ அப்படி அடிங்க"ன்னு கேளுங்க, அப்ப மீட்டர் மைனஸ் 12 டெசிபலத் தாண்டாம வைங்க (பூஜ்யத்தத் தொட்டா சத்தம் வெடிச்சுடும்). சூடு ஏத்தி ஆட்டம் ஏறினதும் அதுக்கும் மேல போவாங்க, அதுக்குத்தான் அந்த இடம். சத்தம் கம்மியா இருந்தா அப்புறம் ஏத்திக்கலாம், வெடிச்சது வெடிச்சதுதான்.

லோ கட் (தாழ்ந்த சத்தத்த வெட்டுற) பட்டன போடாதீங்க. காத்துச் சத்தத்தோட சேத்து உறுமியோட அடித்தொண்டையையும் அது வெட்டிடும், அத வீட்ல பொறுமையா பாத்துக்கலாம்.

பக்கத்துல நின்னு ஹெட்ஃபோன்ல கேட்டு முடிவு பண்ண முடியாது, வெளிச்சத்தம் உள்ள வந்துடும். ஒரு நிமிஷம் எடுங்க, அம்பதடி தள்ளிப் போய் போட்டுக் கேளுங்க. ஒல்லியான சிம்புக்குச்சியோட சுரீர் சத்தமும் அடிக்குச்சியோட கனமான அடியும் தனித்தனியா கேக்குதான்னு பாருங்க. சிம்பு மட்டும் குத்துச்சுன்னா மைக்க இன்னும் ஒரு மீட்டர் பின்னாடி எடுங்க. காதுக்கு பஞ்சு இல்ல, சரியான இயர்ப்ளக் போடுங்க. அமெரிக்காவோட வேலையிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் கணக்குப்படி 100 டெசிபல் சத்தத்துல 15 நிமிஷம்தான் பாதுகாப்பு, நாம மணிக்கணக்கா நிக்கிறோம்.

எடுக்குறப்ப

ரெக்கார்ட அமுக்கிட்டு முதல்ல தேதி, ஊர், அடியோட பேர், டேக் நம்பர் வாயால சொல்லுங்க. வீடியோவும் எடுத்தா ஒரு கைத்தட்டு. அப்புறம் அரை நிமிஷம் யாரும் பேசாம அந்த இடத்தோட அமைதிய எடுத்துக்கோங்க, வெட்டி ஒட்டுற எடத்துல நிரப்ப அதுதான் உதவும். கடைசி அடி விழுந்ததும் உடனே யாராவது "சூப்பர்ணே"ன்னு கத்துவாங்க, பத்து செகண்ட் பொறுக்கச் சொல்லி முன்னாடியே சொல்லி வைங்க. பேட்டரி பாதி ஆனதும் மாத்திருங்க.

வீட்டுக்கு வந்ததும்

முதல் வேலை ரெண்டு எடத்துல காப்பி. அப்புறம் ஆடாசிட்டி போதும், இலவசம். உறுமி மைக்ல சத்தம் முன்னாடியே விழுந்திருக்கும், நாலு மீட்டர் தள்ளி இருக்கிற பெரிய மைக்குக்கு அது சுமார் 12 மில்லிசெகண்ட் லேட்டா போய்ச் சேரும். உறுமி டிராக்க அந்த 12 மில்லிசெகண்ட் லேட்டா வர்ற மாதிரி வலப்பக்கம் நகத்துங்க, குழம்பிக் கெடந்த சத்தம் சட்டுனு ஒண்ணு சேரும். உறுமிய ரொம்ப ஏத்தாதீங்க, மியூட் பண்ணினா ஏதோ குறையுதுன்னு தோணுற அளவு போதும். எதிரொலி எஃபெக்ட் போடணும்னு கை ஊறும், போடாதீங்க. அது கோயில் மண்டபம் இல்ல, களம். கம்ப்ரஸரும் (பெரிய சத்தத்த அமுக்குற எஃபெக்ட்) லேசா, அடியோட முதல் கூர்மை போச்சுன்னா திரும்ப ஃபோன்ல எடுத்த மாதிரியே ஆய்டும்.

ஏத்துறதுக்கு முன்னாடி பென்டிரைவ்ல போட்டு குழுகிட்ட எடுத்துட்டுப் போங்க, ஒரு நல்ல ஸ்பீக்கர்ல அவங்களோட ஒக்காந்து கேளுங்க. உங்களுக்குப் பிடிச்ச டேக்க அவங்க "இதுல மூணாவது ஆள் பிந்திட்டான்"னு ஒதுக்குவாங்க, நீங்க கண்டுக்காத ரெண்டாவது டேக்குல அவங்க கை தானா தொடைல தாளம் போட ஆரம்பிக்கும். அந்த ரெண்டாவதையே ஏத்துங்க, நோட்ல எழுதி வச்ச எல்லாப் பேரோடயும்.