குறி மறையும் சோதனை: வினைவேகத்தைக் கண்ணால் பார்க்க

வேதிவினையின் வேகத்தை மாற்றுபவை எவை என்று கேட்டால் வெப்பநிலை, செறிவு, புறப்பரப்பு, வினையூக்கி என்று கடகடவென ஒப்பிப்பவர்கள்கூட, "சரி, செய்து காட்டு" என்றால் தயங்குகிறார்கள். முதல் இரண்டையும் காட்ட எனக்குப் பிடித்தது சோடியம் தயோசல்பேட்தான். ஃபிலிம் கழுவிய காலத்தில் ஸ்டூடியோக்களில் ஹைப்போ என்பார்களே, அதே படிகம்.

10 கிராம் படிகத்தை நீரில் கரைத்து 250 மி.லி. ஆக்குங்கள். வெள்ளைத் தாளில் கறுப்பாக ஒரு பெருக்கல் குறி, அதன்மேல் கூம்புக் குடுவை. (பீக்கர் வேண்டாம், சுழற்றும்போது சிந்தும்.) 50 மி.லி. கரைசல் ஊற்றி, 2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 5 மி.லி. சேர்த்ததும் ஸ்டாப்வாட்சை அழுத்துங்கள். ஒரு சுற்று சுழற்றிவிட்டு நேர் மேலிருந்து பாருங்கள். கந்தகம் பிரியப் பிரிய லேசாக வெளுத்து, அப்புறம் மஞ்சளாகக் கலங்கும். குறி மறைந்த கணமே நிறுத்துங்கள். சல்பர் டை ஆக்சைடு வரும் என்பதால் ஜன்னல் திறந்திருக்கட்டும், பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், குடுவையை முகராதீர்கள். ஆஸ்துமா இருப்பவர்கள் தள்ளியே நிற்கட்டும்.

அடுத்து 40, 30, 20, 10 மி.லி. என்று கரைசலைக் குறைக்க வேண்டும். நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். குறைத்த அளவுக்கு நீர் ஊற்றி, ஒவ்வொரு முறையும் மொத்தத்தை 50 மி.லி. ஆக்கிய பிறகே அமிலம். வெறும் 10 மி.லி. கரைசலில் அமிலத்தை விட்டால் செறிவு பெரிதாகக் குறையாது, ஆனால் திரவத்தின் ஆழம் குறைந்துவிடும், மெல்லிய அடுக்கு வழியே குறி வெகுநேரம் தெரிந்துகொண்டே இருக்கும், நீங்கள் அளந்தது வேகத்தை அல்ல, ஆழத்தை. நீர் சேர்த்துச் செய்தால் 10 மி.லி.க்கு ஆகும் நேரம் 50 மி.லி.க்கு ஆனதைப்போல ஏறக்குறைய ஐந்து மடங்கு வரும். குறியை மறைக்க ஒவ்வொரு முறையும் ஒரே அளவு கந்தகம்தான் தேவை, அதனால் 1-ஐ நேரத்தால் வகுத்தால் அதுவே வேகத்தின் அளவு. அதைச் செறிவுக்கு எதிராக வரைந்தால் கிட்டத்தட்ட நேர்கோடு.

குறி மறைந்ததா என்று பார்ப்பவர் கடைசிவரை ஒரே ஆளாக இருக்கட்டும். ஆள் மாறினால் நேரமும் மாறும்.

பின்சேர்க்கை: வெப்பநிலையின் விளைவைப் பார்க்க இதே சோதனையைக் கரைசலைச் சூடாக்கிச் செய்தவர்களுக்குக் கணக்கு ஒத்துவரவில்லையாம். சூடாக்கும்போது பார்த்த வெப்பநிலையை எழுதாதீர்கள், அமிலம் சேர்த்ததுமே அது இறங்கிவிடும். சேர்த்த உடனும் குறி மறைந்ததும் பார்த்துச் சராசரி எடுங்கள். 10 டிகிரி ஏறினால் நேரம் சுமார் பாதியாகும், ஏனென்றால் கிளர்வு ஆற்றலை (வினை நடக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றலை) தாண்டும் துகள்கள் அவ்வளவு கூடிவிடுகின்றன. 50 டிகிரிக்கு மேல் போக வேண்டாம், வாயு அதிகம் வரும்.

முடிந்ததும் சலவை சோடா கரைசலில் கொட்டிவிட்டு, குடுவையை உடனே தேய்த்துக் கழுவுங்கள். கந்தகம் காய்ந்து ஒட்டிய குடுவையில் அடுத்த சோதனையின் குறி தொடக்கத்திலேயே மங்கலாகத்தான் தெரியும்.