ஓணானுக்கு முன் குப்புறப் படுப்பது எப்படி

திசையன்விளைப் பக்கம் சிறிய ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். ஆறு நாளும் கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் படம். ஞாயிறு காலை மட்டும் தேரிக்காட்டு (செம்மணல் மேடு) ஓரத்து ஓணான்களுக்கு. மதியத்துக்குமேல் ஊர்ப் பையன்கள் மெமரி கார்டோடு வந்து, "அண்ணாச்சி, பார்த்துச் சொல்லுங்கள்" என்று நிற்பார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வதை ஒருமுறை எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

பழக வேண்டுமென்றால் பாம்பில் தொடங்காதீர்கள், விசிறித் தொண்டை ஓணானில் தொடங்குங்கள். வாலை விட்டுவிட்டால் சுண்டுவிரல் நீளம்தான். 1829-இல் குவியே என்ற பிரெஞ்சு அறிஞர் இதற்கு வைத்த அறிவியல் பெயரில் புதுச்சேரி இருக்கிறது. 2016-இல் விவரிக்கப்பட்ட இதன் உறவினம் ஒன்றின் பெயரோ 'விசிறி'. நம் பனையோலை விசிறியேதான்.

பங்குனி, சித்திரையில் ஆண் ஓணான் ஒரு கல்லின்மேல் ஏறித் தலையைத் தூக்கித் தொண்டையை விரித்து விரித்து மடக்கும். அதற்குப் பிடித்த கல் ஒன்று இருக்கும். விரட்டினாலும் அங்கேயே திரும்பி வரும். ஆகவே ஓணானைத் தேடாதீர்கள், கல்லைத் தேடுங்கள். ஒரு முனை வெளுத்த சிறிய எச்சம் கல்லின்மேல் கிடந்தால் அதுதான் மேடை.

முதல் வருடம் எனக்கு இது தெரியாது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைத் துரத்துவதுபோல நின்றபடியே துரத்தினேன். இருநூறு படங்களில் நூற்றைம்பதுக்குமேல் வால்.

காலை ஏழரைக்கெல்லாம், வெயில் முதுகில் படும்படி, கல்லிலிருந்து இரண்டரை மீட்டர் தள்ளி இடம் பிடியுங்கள். படுக்கும் முன் நீளமான குச்சியால் புல்லையும் சருகையும் விலக்கிப் பாருங்கள். சுருட்டை விரியனுக்கும் இதே பொட்டல்தான் வீடு. மண் நிறத்தில் கையளவு சுருண்டு கிடக்கும். இதில் சோம்பல் கூடாது. பிறகு குப்புறப் படுத்து, பழைய தலையணை உறையில் ஒரு கிலோ காராமணி போட்டுக் கட்டி, அதன்மேல் லென்ஸை வையுங்கள். ஓணானின் கண்ணும் லென்ஸும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். மேலிருந்து எடுத்தால் வழுக்கைத் தலையரின் பாஸ்போர்ட் படம்தான் கிடைக்கும்.

முந்நூறு மில்லிமீட்டர் லென்ஸ் போதும். விசிறி கண் சிமிட்டும் நேரத்தில் மடங்கிவிடும் என்பதால் ஷட்டர் ஆயிரத்தில் ஒரு நொடி. வெயிலில் தொண்டை படத்தில் வெளுத்துப் போகும். கேமராவில் எக்ஸ்போஷரை அரை ஸ்டாப் குறைத்து வையுங்கள். ஃபோகஸ் புள்ளி கண்ணில். விசிறி எவ்வளவு அழகாக இருந்தாலும் கண்ணில்தான்.

இனி, பிறர் படத்தைப் பார்த்துச் சொல்வது. இதுதான் கடினம், பலரும் இதில்தான் தவறுகிறார்கள். "சூப்பர்" என்பது கல்யாண ஆல்பத்துக்குச் சொல்லும் பேச்சு, எடுத்தவனுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. "வால் நுனி வெட்டுப்படாமல் வைத்திருக்கிறாய்" என்றால் அடுத்த முறையும் வைப்பான். குறையும் ஒன்றே ஒன்று சொல்லுங்கள், அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அவன் திருத்தக்கூடியதாக. "லென்ஸ் மாற்று" என்பது கருத்து அல்ல, செலவு.

நான் முதலில் கேட்பது, "எடுத்து முடித்ததும் அது என்ன செய்தது?" என்றுதான். தலைதெறிக்க ஓடியது என்றால் அளவுக்குமேல் நெருங்கியிருக்கிறான். அங்கேயே இருந்தது என்றால் பாதி மதிப்பெண் அப்போதே போட்டுவிடுவேன்.

பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் பச்சைப்பாம்புப் படம் கொண்டுவந்தான். செம்பருத்திப் பூவைச் சுற்றிய உடல், பிளந்த வாய், நல்ல கூர்மை. கடையில் நின்ற எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். நான் கழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். செதில்களுக்கு நடுவே கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. அமைதியாக இருக்கும் பச்சைப்பாம்பில் அது தெரியாது. மிரண்டு உடலை உப்பினால்தான் தோல் விரிந்து வெளியே தெரியும். வாய் பிளந்ததும் அதே மிரட்சி. "பூவில் நீ வைத்தாயா?" என்றேன். தலையைச் சொறிந்தான். "அக்காதான் பூவில் வைத்தால் எடுப்பாக இருக்கும் என்றாள்."

திட்டவில்லை. கண்ணைக் கொத்தும் என்று ஊரே அடித்துக் கொல்லும் பாம்பைக் கொல்லாமல் படம் எடுக்க வந்தவனைத் திட்டி அனுப்பினால் நாளை அவன் கையிலும் கம்புதான் இருக்கும். இருந்த இடத்திலேயே, தொடாமல், நாலு முழம் தள்ளி நின்று எடுத்துவா என்றேன்.

மூன்று வாரம் கழித்து வந்தான். வேலியோரத்துப் புதரில் கொடியோடு கொடியாகப் பாம்பு. கழுத்தில் கட்டம் இல்லை. படுக்கைவாட்டில் சாவித் துவாரம் போன்ற கண்மணி அப்படியே தெளிவாக விழுந்திருந்தது. நாக்கு நேராக நீண்டிருந்தது. ஓர் இலை மட்டும் உடலின் நடுவே மங்கலாகக் குறுக்கிட்டது.

"கண் அருமையாக விழுந்திருக்கிறது. இடப்பக்கம் ஓரடி நகர்ந்திருந்தால் அந்த இலை விலகியிருக்கும்" என்றேன்.

"இடப்பக்கம் கிணறு, அண்ணாச்சி" என்றான்.