பழைய 21 இன்ச் டிவிக்கு அவுட்புட் டிரான்சிஸ்டர் தேடினப்போ

வீட்ல இருக்க பழைய 21 இன்ச் பிக்சர் டியூப் டிவி டெட், கழட்டி மீட்டர் வச்சா ஹரிசாண்டல் அவுட்புட் டிரான்சிஸ்டர் (படத்த பக்கவாட்டுல ஓட்டுற பவர் டிரான்சிஸ்டர்) ஃபுல் ஷார்ட். நம்பர் பியு2508டிஎஃப். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல கேட்டா "அதே தான் சார், போடுங்க"ன்னு பியு2508ஏஎஃப் எடுத்து நீட்டுறாங்க. ரெண்டுமே 1500 வோல்ட் 8 ஆம்ப்தான், ஆனா டிஎஃப் உள்ள டேம்பர் டயோடு (ரிவர்ஸ்ல வர்ற கரண்ட்டுக்கு வழி விடுற டயோடு) இருக்கு, ஏஎஃப்ல கிடையாது, போர்டுல தனியா டயோடு இல்லாத செட்ல ஏஎஃப் போட்டா ஆன் பண்ணதும் போயிடும், அதனால வேணாம்னுட்டு உள்சந்துல தேடி ஒரு சின்ன கடையில டிஎஃப்பே வாங்கிட்டேன். இன்னொன்னு, டிஎஃப்ல பேஸ், எமிட்டர்ங்கிற ரெண்டு காலுக்கு நடுவுல உள்ளயே ஒரு ரெசிஸ்டர் இருக்கு, மீட்டர் ரொம்ப கம்மி ஓம்ஸ்தான் காட்டும், ஷார்ட்னு நெனச்சு திருப்பிக் குடுத்துடாதீங்க.

ஏன் போச்சுன்னு பாக்காம புதுசு போடவே கூடாதுங்க. டிரான்சிஸ்டரோட கலெக்டர் கால் பக்கத்துல இருக்க 1600 வோல்ட் கெப்பாசிட்டர் கால சுத்தி கருப்பு வளையம், சால்டர் விட்டிருந்துச்சு. அது ஓப்பன் ஆனா பல்ஸ் வோல்டேஜ் எகிறி டிரான்சிஸ்டர் காலி. அதே வேல்யூ, அதே வோல்டேஜ்ல பாலிப்ரொப்பிலீன் டைப் போட்டேன் (சாதா பாலியஸ்டர் தாங்காது), டிரைவர் டிரான்ஸ்ஃபார்மர் (டிரான்சிஸ்டர் பேஸுக்கு சிக்னல் குடுக்குறது) காலயும் ரீசால்டர் பண்ணேன். 100 வாட் குண்டு பல்பு சீரிஸ்ல போட்டு ஆன் பண்ணா பளிச்னு எரிஞ்சு உடனே டல்லாச்சு (ஷார்ட் இருந்தா பளிச்னே நிக்கும்), அப்பாடா ஷார்ட் இல்ல. இப்போ அம்மா சீரியல் எல்லாம் அதுலதான்.