பழைய பைக் கிராங்க்: பிரிக்கும் முன் அளவு, சேர்த்த பின் டயல்

பழைய ஒற்றை சிலிண்டர் பைக்குகளில் கிராங்க் (பிஸ்டனின் மேல்-கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) பெரும்பாலும் ஒரே துண்டாக இருக்காது. இரண்டு கிராங்க் வெப் (பக்கத் தட்டுகள்), அவற்றை இணைக்கும்படி இறுக்கமாக அழுத்திச் செலுத்திய ஒரு கிராங்க் பின், அதன்மேல் ரோலர் அல்லது நீடில் பேரிங்கோடு கன்ராட் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு, சுருக்கமாக ராட்). கீழே சொல்வதெல்லாம் இந்த வகைக்கு மட்டும். ஷெல் பேரிங் போட்ட ஒற்றைத் துண்டு கிராங்க் என்றால் ஜர்னலை (பேரிங் உட்காரும் உருளைப் பகுதியை) அளந்து கிரைண்ட் செய்ய வேண்டும். அது தனி வேலை.

பிரிக்கத்தான் வேண்டுமா?

முதலில் மண்ணெண்ணெயில் நன்றாகக் கழுவிக் காயவிடுங்கள். எண்ணெய்ப் படலம் இருக்கும்வரை பிக் எண்ட் (கிராங்க் பின்னைச் சுற்றி இருக்கும் ராடின் பெரிய முனை) ஆட்டம் கைக்குத் தெரியாது. காற்றடித்துக் காயவைக்கலாம், ஆனால் காற்றால் பேரிங்கைச் சுழல விடாதீர்கள். எண்ணெய் இல்லாமல் சுழன்றாலே கீறல் விழும்.

ராடை உச்சியில் நிறுத்தி, நேர் மேலும் கீழுமாக இழுத்துத் தள்ளுங்கள். இந்தத் திசையில் உணரக்கூடிய ஆட்டமே இருக்கக் கூடாது. கிராங்க் பின் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தேயாது என்பதால், கிராங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பல இடங்களில் பாருங்கள். எங்காவது ‘டக்’ என்று தட்டினால் ராட் கிட் (ராட், பின், பேரிங், வாஷர் அடங்கிய தொகுப்பு) மாற்ற வேண்டியதுதான்.

பக்கவாட்டில் ராட் நகர்வது வேறு சங்கதி. அந்த இடைவெளி இருந்தாக வேண்டும். அதை ஆட்டம் என்று நினைத்து நல்ல கிராங்கைப் பிரஸ்ஸுக்கு அனுப்புவோர் நிறைய. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) விட்டுப் பார்த்தால் பொதுவாக 0.2 முதல் 0.6 மி.மீ. வரை இருக்கும். 1 மி.மீ.யை நெருங்கினால் த்ரஸ்ட் வாஷர் (ராடுக்கும் வெப்புக்கும் நடுவே இருக்கும் வாஷர்) தேய்ந்துவிட்டது. உங்கள் எஞ்சின் மேனுவல் வேறு அளவு சொன்னால் அதுவே கணக்கு.

பிக் எண்ட் பக்கம் நீலம் பாய்ந்திருந்தால், ஆட்டம் இல்லாவிட்டாலும் அந்த ராட் வேண்டாம். எண்ணெய் போகாமல் சூடேறியதன் அடையாளம் அது. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புது கிட் போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

பிரிப்பது

பிரஸ்ஸில் வைக்கும் முன் இரண்டு வேலை. இரண்டு வெப்புகளின் வெளிமுகங்களுக்கு இடையிலான மொத்த அகலத்தை வெர்னியரில் நான்கு இடங்களில் அளந்து எழுதி வையுங்கள். பிறகு நேர்கோல் வைத்து, இரண்டு வெப்பின் விளிம்பிலும் குறுக்காக ஒரு கோடு கீறுங்கள்.

வெப்பை, பின்னுக்கு முடிந்தவரை அருகில், கனமான தட்டுகளால் தாங்க வேண்டும். தள்ளித் தாங்கினால் வெப் வளைந்துவிடும். சுத்தியலால் பின்னை அடித்து இறக்குவது கூடவே கூடாது. சில கிராங்குகள் 20 டன் வரை கேட்கும். விடுபடும்போது சத்தத்தோடு துள்ளும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

கிராங்க் பின் கழன்று வந்த துளையை விரல்நுனியால் தடவிப் பாருங்கள். நீளவாட்டில் உழுத கோடுகள் இருந்தால் பிடிப்பு போயிருக்கும். புதுப் பின் துளையைவிடக் குறைந்தது 0.05 மி.மீ. பெரிதாக இருக்க வேண்டும். பின் சுலபமாக இறங்கினால் ஓட்டத்தில் வெப் திருகிக்கொள்ளும். வெல்டிங் வைத்துச் சமாளிப்பது இதற்குத் தீர்வாகாது. ஓவர்சைஸ் பின் அல்லது வேறு வெப் தேட வேண்டும்.

சேர்ப்பது

ஃபோர் ஸ்ட்ரோக்கில் பின்னிலுள்ள எண்ணெய்த் துளை வெப்பின் துளையோடு நேர் சேர வேண்டும். பின் உள்ளே போன பிறகு அதைத் திருப்ப முடியாது, ஆகவே மார்க்கரால் குறித்துக்கொண்டே தொடங்குங்கள். தவறினால் பிக் எண்டுக்கு எண்ணெய் போகாது, புது பேரிங் சீக்கிரமே கருகும்.

முதல் வெப்பில் பின்னை நெட்டுக்குத்தாக இறக்குங்கள். வாஷர், பேரிங், ராட், வாஷர் என்ற வரிசையில் எண்ணெய் தடவி ஏற்றுங்கள். இரண்டாவது வெப்பைக் கீறிய கோட்டுக்கு நேராக வைத்து, சில மி.மீ. இறக்கி, விளிம்பில் நேர்கோல் வைத்துச் சரிபாருங்கள். விலகலைத் திருத்துவது இந்தக் கட்டத்தில்தான் எளிது. முழுதும் இறங்கும்போது ராடுக்கும் வாஷருக்கும் நடுவே ஃபீலர் கேஜ் செருகி வையுங்கள். எழுதி வைத்த அகலம் வந்ததும் நிறுத்துங்கள்.

டயல் வைத்து நேராக்குவது

பிரஸ் வேலை சில நிமிடம். நேரத்தை விழுங்குவது இதுதான். பிரஸ் கடையிலிருந்து வரும் கிராங்கில் டயல் (மிகச் சிறிய ஆட்டத்தையும் ஊசியால் காட்டும் அளவுக் கருவி) வைத்தார்களா என்று கேட்காமல் மாட்டாதீர்கள்.

லேத் சென்டர்களுக்கு (தண்டின் இரு முனைகளையும் தாங்கும் கூர்முனைகளுக்கு) இடையே பிடித்து, இரு பக்க ஷாஃப்டிலும் பேரிங் உட்காரும் இடத்தில் டயல் வையுங்கள். ஊசி 0.03 மி.மீ.க்குள் ஆடினால் நல்லது, 0.05-ஐத் தாண்டினால் விடாதீர்கள். டயல் காட்டுவது மொத்த ஆட்டம், மையம் விலகியிருப்பது அதில் பாதி.

தவறு இரண்டு வகை. முதலில் வெப் அகலத்தைக் கிராங்க் பின் இருக்கும் பக்கமும் எதிர்ப்பக்கமும் அளந்து பாருங்கள். எதிர்ப்பக்கம் அகன்றிருந்தால் வைஸில் வைத்து இறுக்க வேண்டும். குறுகியிருந்தால் இடையில் ஆப்பு செருகி விரிக்க வேண்டும். இது சரியான பிறகு திருகலைப் பாருங்கள்: பின்னிலிருந்து 90 டிகிரியில் ஒரு டயல் ஏறும்போது மற்றது இறங்கும். கிராங்கைச் சென்டரிலிருந்து எடுத்து, ஏறிய பக்க வெப்பின் விளிம்பில் அந்த உயர்ந்த இடத்தில் செம்புச் சுத்தியலால் ஒரே ஒரு அடி. மறுபடி அளவு. சென்டரில் இருக்கும்போதே அடித்தால் சென்டர் துளை கெட்டு, அதன்பின் எந்த அளவும் நம்பும்படி இருக்காது.

கேஸில் மாட்டுவது

கேஸை 100 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால் மெயின் பேரிங் தானாக உட்காரும். கிராங்கை புல்லர் வைத்து இழுத்துத்தான் ஏற்ற வேண்டும். ஷாஃப்ட் முனையில் அடித்தால் வெப் குறுகி, டயலில் கொண்டுவந்த நேர் போய்விடும். ஆயில் சீல் உதட்டில் கிரீஸ் தடவி, கேஸை மூடி போல்ட் இறுக்கியபின் கையால் சுற்றுங்கள். எங்காவது பிடித்தால், இன்னொரு போல்ட்டைக்கூட இறுக்காமல் திறந்து பாருங்கள்.