137 நாள் பயணத்தைத் திரும்பிப் பார்ப்பது எப்படி? முதல் முறை செய்பவர்களுக்கு ஒரு செய்முறை

முதுகில் பையை மாட்டிக்கொண்டு நாடு நாடாகச் சுற்றி வந்தவர்கள் வீட்டில் ஒரு மூட்டை பிரிக்கப்படாமல் கிடக்கும். ஆயிரக்கணக்கில் படங்கள், கசங்கிய பஸ் டிக்கெட்டுகள், பாதியில் நின்ற நோட்டு. ஒருநாள் உட்கார்ந்து ஒழுங்கு பண்ண வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வருஷம் ஓடிவிடும். எனக்கு ஐந்து வருஷம் ஓடிவிட்டது.

2018 நவம்பர் 4 அன்று சென்னையிலிருந்து பாங்காக் போனேன். தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம், கம்போடியா, மறுபடி தெற்குத் தாய்லாந்து, மலேசியா, கடைசியில் சிங்கப்பூர். 2019 மார்ச் 20 அன்று ஊர் திரும்பினேன். மொத்தம் 137 நாள். அதை நாள்வாரியாக ஒரு புத்தகமாகச் சேர்த்து முடிக்க எனக்குப் பதின்மூன்று ஞாயிற்றுக்கிழமை காலைகள் ஆயின. என் வரிசையிலேயே செய்தால் உங்களுக்கு அவ்வளவு நேரம்கூட ஆகாது.

படி 1: படங்களைத் திறக்காமல் எழுதுங்கள்

எல்லோரும் முதலில் படங்களைத்தான் திறப்பார்கள். திறக்காதீர்கள். படத்தைப் பார்த்துவிட்டால், படத்தில் இருப்பது மட்டும்தான் அதன்பிறகு ஞாபகத்துக்கு வரும். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, நினைவில் வருவதை வரிசை பார்க்காமல் எழுதுங்கள். வாசனை, சத்தம், வயிற்றுவலி, பயம் எல்லாம். இரண்டு மணி நேரம் போதும்.

தப்பாக எழுதிவிட்டால் என்ன செய்வது என்று கவலைப்பட வேண்டாம். அங்கோர் வாட்டில் கொட்டும் மழையில் நனைந்தேன் என்று நான் எழுதியிருந்தேன். அப்புறம் படங்களைப் பார்த்தால், தரை காய்ந்து புழுதி பறக்கிறது. நான் அங்கே போனது ஜனவரியில், அது கம்போடியாவில் வறண்ட காலம். என்னை நனைத்த மழை, அதற்கு முந்தைய மாதம் வியட்நாமின் ஹுவே நகரத்தில் பெய்த மழை. இரண்டு இடத்திலும் பழைய கல், பாசி, அகழி. மனம் இரண்டையும் ஒட்டிவைத்துவிட்டது. நான் எழுதியதை அடிக்கவில்லை. பக்கத்திலேயே உண்மையையும் எழுதி வைத்திருக்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

படி 2: பாஸ்போர்ட்டை வைத்து எலும்புக்கூடு போடுங்கள்

ஒரு எக்செல் தாளில் ஒரு நாளுக்கு ஒரு வரி போடுங்கள். நான்கு பத்திகள் போதும்: தேதி, அன்று இரவு எங்கே தூங்கினேன், எதில் பயணம், குறிப்பு. இதில் தூங்கிய இடம்தான் முக்கியம். பகலில் எத்தனை ஊர் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம், தூங்கியது ஓரிடத்தில்தான்.

பாஸ்போர்ட் முத்திரைகளை வைத்து எல்லை கடந்த தேதிகளை முதலில் நிரப்புங்கள். விடுதி முன்பதிவு மின்னஞ்சல்கள் நடுவில் இருப்பதை நிரப்பும். இரவு பஸ்களில் கொஞ்சம் கவனம் தேவை. லாவோஸின் லுவாங் பிரபாங்கிலிருந்து வியட்நாமின் ஹனோய்க்கு நான் வந்த பஸ் 24 மணி நேரத்துக்கும் மேல் ஓடியது. ஏறிய தேதி டிக்கெட்டில் ஒன்று, முத்திரையில் இருப்பது மறுநாள். அன்றைய தூங்கிய இடம் "பஸ்" என்று எழுத வேண்டியதுதான்.

தாய்லாந்து டிக்கெட்டிலும் ரசீதிலும் 2561 என்று வருஷம் இருந்தால் குழம்ப வேண்டாம். அங்கே புத்த ஆண்டு வழக்கம். அதிலிருந்து 543-ஐக் கழித்தால் 2018 வரும். சிலவற்றில் கடைசி இரண்டு எண் மட்டும், 61 என்று இருக்கும்.

படி 3: மங்குகிற காகிதத்தை இன்றே படம் எடுங்கள்

பளபளப்பான மெல்லிய ரசீதுகளில் மை கிடையாது. தாள் மேல் பூசியிருக்கும் பூச்சு சூட்டில் கறுத்துத்தான் எழுத்து விழுகிறது. வெயிலும் பசையும் பிளாஸ்டிக் உறையும் பட்டால் அது மங்கிப் போகும். லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள், அந்தச் சூட்டில் தாள் முழுக்கக் கறுத்துவிடும். போனில் படம் எடுத்து, அசலைக் காகித உறையில் போட்டு வையுங்கள். என்னிடம் இருந்த ரசீதுகளில் பாதி ஏற்கனவே வெற்றுத்தாளாகிவிட்டன.

படி 4: கேமரா கடிகாரத்தைத் திருத்துங்கள்

போன் ஊருக்கு ஊர் தானே நேரத்தை மாற்றிக்கொள்ளும். கேமராவை நாம்தான் மாற்ற வேண்டும், நான் மாற்றவில்லை. தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம், கம்போடியா நான்கும் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால். மலேசியாவும் சிங்கப்பூரும் இரண்டரை மணி நேரம். அதனால் போன் படத்தையும் கேமரா படத்தையும் ஒரே ஃபோல்டரில் போட்டதும், சாப்பாட்டுக்கு முன்னாலேயே காலித் தட்டு வருகிற மாதிரி வரிசை கலைந்துவிட்டது.

முதலில் எல்லாப் படங்களையும் வேறொரு ஹார்டு டிஸ்க்கில் பிரதி எடுங்கள். அப்புறம் ஒரே காட்சியைப் போனிலும் கேமராவிலும் எடுத்த ஒரு ஜோடியைக் கண்டுபிடியுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் கூட்ட வேண்டிய நேரம். டிஜிகேம் என்ற இலவச மென்பொருளில் நூற்றுக்கணக்கான படங்களை ஒன்றாகத் தேர்ந்தெடுத்து நேரத்தை நகர்த்தலாம். நாடுவாரியாகச் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் நண்பர்கள் அனுப்பிய படங்களில் எடுத்த நேரமும் இடமும் அழிந்திருக்கும். அவர்களிடமே அசலைக் கேட்டு வாங்குங்கள்.

படி 5: செலவுக் கணக்கைப் படியுங்கள்

இந்தப் படிக்கு மட்டும் நான் நான்கு ஞாயிறுகள் எடுத்துக்கொண்டேன். பயணத்தில் தினமும் எழுதியது செலவுக் கணக்கு ஒன்றுதான். டைரி எழுதச் சோம்பல் வரும், கணக்கெழுத வராது, காசு தீர்ந்துவிடும் என்ற பயம் எழுத வைக்கும். படம் நாம் பார்க்க விரும்பியதைக் காட்டும், கணக்கு நாம் என்ன செய்தோம் என்பதைச் சொல்லும்.

ஒரு வரி: "பாக்பெங், அறை 60,000 கிப், மெழுகுவத்தி 5,000." கிப் என்பது லாவோஸ் நாணயம். லாவோஸில் ஹுவாய் சாயிலிருந்து லுவாங் பிரபாங்குக்கு மீகாங் ஆற்றில் இரண்டு நாள் படகு. நடுவில் ஓரிரவு பாக்பெங்கில் தங்க வேண்டும். மெழுகுவத்தி என்று படித்ததும் அன்றைய மின்வெட்டு, இருட்டில் ஆற்றின் சத்தம், விடுதிக்காரம்மா கைவிளக்கோடு மாடிப்படி ஏறி வந்தது எல்லாம் வந்துவிட்டன. அந்த ராத்திரியில் ஒரு படம்கூட நான் எடுக்கவில்லை.

இன்னொரு வரி: 2018 நவம்பர் 16, தாய்லாந்தின் சியாங் மாய். "போன் ரீசார்ஜ் 100 பாட். 100 பாட். 100 பாட்." அன்று அதிகாலைதான் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. எங்கள் வீடு பட்டுக்கோட்டைப் பக்கம். அன்று காலை, செய்தி தெரிவதற்கு முன்னால் எடுத்த படங்களில் தோய் சுதேப் கோயிலின் தங்கக் கோபுரம் மின்னுகிறது. மத்தியானத்துக்குப் பிறகு படமே இல்லை. மூன்று ரீசார்ஜ் மட்டும் இருக்கிறது. ஐந்து நாள் கழித்துத்தான் அம்மாவின் குரலைக் கேட்டேன். தென்னை ஒன்றுகூட மிஞ்சவில்லை, ஆட்கள் நலம்.

இப்படிப்பட்ட வரிகளை அடிக்கோடிட்டு, அந்தந்தத் தேதியின் குறிப்புப் பத்தியில் சேருங்கள். தொகையை அந்த நாட்டு நாணயத்திலேயே வையுங்கள். ஒரு டாலருக்கு ஏறத்தாழ 23,000 வியட்நாம் டாங் என்று அப்போது மனக்கணக்குப் போட்ட அவஸ்தையும் பயணத்தில் சேர்ந்ததுதானே.

படி 6: நாளுக்கு ஒரு படம்

மிக அழகான படத்தைத் தேடாதீர்கள். எந்தப் படம் உங்களை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறதோ, அதை எடுங்கள். அங்கோரில் மூன்று நாள் சீட்டு 62 டாலர், அது தீரும்வரை சுற்றினேன். அங்கோர் வாட், 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்குக் கட்டிய கோயில். கிழக்குச் சுற்றுச்சுவரில் பாற்கடல் கடையும் சிற்பம் ஐம்பது மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான நீளத்தில் ஓடுகிறது. சின்ன வயதில் கேட்ட கதையை அவ்வளவு தூரம் நடந்து பார்க்கும்போது உடம்பு சிலிர்த்தது. ஆனால் அதன் படங்கள் எல்லாம் வெறும் கல்லாகத்தான் வந்திருந்தன. கடைசியில் நான் வைத்தது, எங்களுக்காகக் காத்திருந்த டுக்-டுக் ஓட்டுநர் வண்டிக்குள்ளேயே தூளி கட்டித் தூங்குகிற படம். அதைப் பார்த்தால் அந்த மத்தியான வெயில் திரும்ப வருகிறது.

படி 7: வீட்டில் இருந்தவர்களிடம் கேளுங்கள்

இதை நான் கடைசியில் செய்தேன். முதலிலேயே செய்திருக்கலாம். நீங்கள் யாருக்கு போன் பண்ணினீர்களோ, அவர்களிடம் உங்கள் பயணத்தின் ஒரு பகுதி இருக்கும்.

கம்போடியாவில் கம்போட் என்ற ஊரில் நான்கு நாள் தங்கினேன். அந்த மெமரி கார்டு பழுதாகி எல்லாப் படமும் போய்விட்டது. கணக்கு நோட்டில் "மிளகு 250 கிராம், சைக்கிள் வாடகை" என்பதைத் தவிர வேறெதுவும் இல்லை. நான்கு பக்கங்களை வெறுமையாகவே விட்டிருந்தேன். அம்மாவிடம் சொன்னபோது உள்ளே போய், பால் கணக்கு எழுதும் பழைய மாதக் காலண்டர்களை எடுத்துக்கொண்டு வந்தார். நான் போன் பண்ணிய நாட்களில், பால் கணக்குக்குக் கீழே பென்சிலில் சின்னதாக எழுதி வைத்திருக்கிறார். 2019 ஜனவரியில் ஒரு கட்டம்: "கம்போட். ஆத்தங்கரை. எதுத்தாப்புல மலை, மேகம் எறங்குதாம். சளி இருக்கு."

நவம்பர் தாளையும் புரட்டினோம். 16-லிருந்து ஐந்து கட்டங்களில் பால் கணக்குகூட இல்லை.

இரண்டு தாள்களையும் படம் எடுத்து, அந்தந்தத் தேதிப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.